கடைசி சவாரி

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால், ராத்திரி பத்து மணிக்குப் பெருங்களத்தூரில் நின்றிருக்கிறீர்களா?

கிளாம்பாக்கத்தில் புது பஸ் நிலையம் வந்தது 2023 டிசம்பரில். அதற்கு முன்பு சென்னையில் பிழைக்க வந்த தென் மாவட்டத்துக்காரர்கள் அத்தனை பேரும் ஒரு தடவையாவது அங்கே நின்றிருப்பார்கள். தோளில் பை, கையில் ஸ்வீட் பாக்ஸ், இடுப்பில் குழந்தை. மதுரை வண்டி நிற்குமா, நின்றாலும் சீட் இருக்குமா என்று கண்கள் ரோட்டிலேயே இருக்கும். ஜி.எஸ்.டி. சாலையின் ஓரத்தில் என்ன இருக்கிறது என்று யார் திரும்பிப் பார்த்தார்கள்?

இன்றைக்கு அங்கே கண்ணாடி கண்ணாடியாக ஐ.டி. கட்டடங்கள் நிற்கின்றன. ஒரு காலத்தில் அந்தப் பக்கம் சங்கு ஊதினால், ஷிஃப்ட் முடிந்து சாரி சாரியாகத் தொழிலாளர்கள் வெளியே வருவார்கள். அது கார் தொழிற்சாலை. பெயர், ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. பழைய ஆட்கள் சுருக்கமாக 'ஸ்டாண்டர்டு கம்பெனி' என்பார்கள்.

1948-ல் சென்னையின் யூனியன் கம்பெனியும் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியும் கைகோத்து ஆரம்பித்தது அது. முதலில் 'வேன்கார்டு', 1955-லிருந்து 'ஸ்டாண்டர்டு டென்', 1961-ல் 'ஹெரால்டு'. இந்தியாவில் கார் வாங்கவேண்டும் என்றால் அம்பாசிடர், ஃபியட், ஸ்டாண்டர்டு என்று மூன்றே பெயர்கள் இருந்த காலம் அது. அந்த மூன்றில் ஒன்று நம் பெருங்களத்தூர்க்காரர்!

ஹெரால்டை உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாவிட்டால் அப்பாவைக் கேளுங்கள், கண்களில் ஒரு ஒளி வரும். முன்பக்கம் மொத்தமும் ஒரே துண்டாக முதலை வாய்போல் முன்னால் திறந்துகொள்ளும். சின்னச் சந்திலும் சட்டென்று வளைந்து திரும்பும். இன்றைக்கும் சென்னையில் பழைய கார் ஊர்வலம் நடந்தால், பாலிஷ் போட்டுப் பளபளவென்று ஹெரால்டுகள் வந்து நிற்கும். பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ள ஒரு கூட்டம்.

ஆனால் நான் இந்த வாரம் சொல்ல வந்தது ஹெரால்டைப் பற்றி அல்ல. அதே கேட்டிலிருந்து வெளியே வந்த இன்னொரு வண்டியைப் பற்றி.

அதன் பெயர் 'ஸ்டாண்டர்டு 20'. ஒரு வேன்.

இங்கிலாந்தில் 1958-ல் 'அட்லஸ்' என்ற பெயரில் பிறந்தது. வானத்தைத் தூக்கிச் சுமக்கும் கிரேக்க புராணத்து ஆசாமியின் பெயர். பெயர்தான் பெத்த பெயர்... முதலில் வைத்த எஞ்சின் 948 சி.சி. அதாவது, சின்னக் காரின் எஞ்சின். பாவம், மேடு வந்தால் மூச்சு வாங்கும். பிறகு எஞ்சினைப் பெரிதாக்கினார்கள். பெயரும் லேலண்ட் 20 என்று மாறியது. 1968-ல் இங்கிலாந்து அதற்கு முழுக்குப் போட்டுவிட்டது. இங்கே 1960-களின் நடுவிலேயே தயாரிக்க ஆரம்பித்திருந்த பெருங்களத்தூர் அதை விடவில்லை. எண்பதுகள் வரை அந்த வேன் ஓடியது.

கார் விற்பனைக்கு அரசு விலைக்கட்டுப்பாடு போட்டு லாபம் வற்றியபோது, 1970-களின் கடைசியில் ஸ்டாண்டர்டு கம்பெனி காரையே நிறுத்திவிட்டு வேனை நம்பித்தான் சில வருஷம் காலம் தள்ளியது. சோறு போட்ட பிள்ளை அதுதான்!

என்னவெல்லாம் செய்தது அந்த வேன்? பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை ஏற்றிப்போனது. சரக்கு சுமந்தது. இரண்டு பக்கமும் சிவப்பு சிலுவை வரைந்து, மேலே ஒரு சிவப்பு விளக்கு வைத்து, உள்ளே ஒரு ஸ்ட்ரெச்சரைப் போட்டால்... ஆம்புலன்ஸ். ஆம்புலன்ஸாக ஓடி ஓடிக் களைத்த வேன்களுக்கு நம் ஊரில் கடைசியாக ஒரு உத்தியோகம் உண்டு. உங்களுக்கே தெரியும். பெயின்ட்டை மாற்றி, பக்கவாட்டில் கண்ணாடி வைத்து, 'அமரர் ஊர்தி' என்று எழுதிவிடுவார்கள்.

இப்போது ஒரு கேள்வி. ஹெரால்டு ஊர்வலத்தில் வருகிறது. அந்த வேன் எங்கே? நீங்கள் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

'அட, அதையெல்லாம் போய் யாராவது சேர்த்து வைப்பாங்களா?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது.

வைக்கிறார்கள். கொஞ்சம் அமெரிக்கா போய் வருவோம்.

அங்கே 'புரொஃபஷனல் கார்' என்று ஒரு ஜாதி உண்டு. பிண ஊர்தி, ஆம்புலன்ஸ், மலர் வளையம் ஏற்றும் வண்டி, துக்க வீட்டாரை அழைத்துப்போகும் நீளக் கார் எல்லாம் அதில் அடக்கம். காடிலாக் கம்பெனி பின்பக்க பாடி இல்லாமல் வெறும் சேஸிஸை அனுப்பும். ஒஹாயோ மாநிலத்துப் பட்டறைகள் அதன்மேல் பாடி கட்டும். சேஸிஸ் வாங்கிவந்து நம் கரூரில் பஸ் பாடி கட்டுகிறார்களே, அதே கதை. இருபது அடி நீளத்துக்கு, வெல்வெட் திரை, தரையில் பெட்டி வழுக்கிக்கொண்டு போக உருளைகள் என்று ராஜ உபசாரம்.

இதில் ஒரு விசித்திரம். சின்ன ஊர்களில் ஈமச்சடங்கு நடத்தும் கம்பெனிதான் ஆம்புலன்ஸும் ஓட்டியது. ஏன்? படுக்க வைத்துக் கொண்டுபோகும் நீளமான வண்டி ஊரில் அவர்களிடம்தான் இருந்தது. 1966-ல் அமெரிக்க தேசிய அறிவியல் அகாடமி வெளியிட்ட அறிக்கை, நாட்டின் ஆம்புலன்ஸ் சேவையில் சுமார் பாதியை நடத்துவது 12,000 ஈமச்சடங்குக்காரர்கள் என்றது. காலையில் சைரன் வைத்தால் ஆம்புலன்ஸ், சாயங்காலம் சைரனைக் கழற்றித் திரை போட்டால் பிண ஊர்தி. இரட்டை வேஷம் போடும் வண்டிகளையே தனியாகத் தயாரித்து விற்றார்கள். நோயாளியின் கதி என்ன ஆனாலும் கம்பெனிக்கு வரும்படி உறுதி என்று நீங்கள் சிரிக்கலாம். சிரிக்கவேண்டிய விஷயம் இல்லை என்றுதான் அந்த அறிக்கையும் சொன்னது. பயிற்சி இல்லாத ஆட்கள், மருந்து இல்லாத வண்டி. அதன் பிறகுதான் விதிகள் இறுகின. எழுபதுகள் முடிவதற்குள் கார் வடிவ ஆம்புலன்ஸ் அங்கே மறைந்துவிட்டது.

மறைகிறது என்று தெரிந்ததும் சில பேர் என்ன செய்தார்கள் தெரியுமா? 1976-ல் 'புரொஃபஷனல் கார் சொசைட்டி' என்று சங்கம் ஆரம்பித்துவிட்டார்கள்! பழைய பிண ஊர்தியையும் ஆம்புலன்ஸையும் தேடி வாங்கி, துரு சுரண்டி, ரப்பர் மாற்றி, சைரன் முதல் திரைச்சீலை வரை அந்தக் காலத்துச் சாமானே தேடிப் பொருத்தி, வருஷா வருஷம் கூடி ஒருவர் வண்டியை இன்னொருவருக்குக் காட்டுகிறார்கள். நினைத்துப் பாருங்கள், சாதாரண கார் ஷெட்டில் இந்த வண்டி நுழையவே நுழையாது. இதற்கென்றே ஷெட் கட்டவேண்டும். பக்கத்து வீட்டுக்காரரையும் சமாளிக்கவேண்டும்!

1984-ல் வந்த 'கோஸ்ட்பஸ்டர்ஸ்' படத்தில் பேய் பிடிப்பவர்கள் ஏறிவரும் வெள்ளைக் காரும் இந்த ஜாதிதான். 1959 மாடல் காடிலாக், மில்லர்-மீட்டியோர் கட்டிய பாடி. 1963 நவம்பரில் டல்லாஸ் ஆஸ்பத்திரியிலிருந்து ஜனாதிபதி கென்னடியின் உடலை விமான நிலையத்துக்குக் கொண்டுபோன வண்டியும் மில்லர்-மீட்டியோர்தான். பெட்டியின் பக்கத்தில் பின்பக்கமே உட்கார்ந்து வந்தார் ஜாக்குலின். அந்த வண்டி 2012-ல் ஏலத்துக்கு வந்தபோது போன விலை 1,60,000 டாலர்.

இங்கிலாந்துக்கும் ஒரு எட்டு. 1901 பிப்ரவரியில் விக்டோரியா மகாராணியின் பெட்டியைச் சுமந்த பீரங்கி வண்டியில், வின்ட்ஸரில் குதிரைகளின் கட்டு அறுந்துபோனது. நின்றிருந்த கடற்படை வீரர்கள் தாங்களே கயிறு கட்டி இழுத்தார்கள். அன்றைய சங்கடம் பிறகு சம்பிரதாயமாகிவிட்டது. அந்த வண்டியைப் பத்திரமாக வைத்திருந்து, 2022 செப்டம்பரில் எலிசபெத் மகாராணிக்கும் அதையே எடுத்தார்கள். இழுத்தவர்கள் 142 மாலுமிகள். 121 வருஷம் கழித்தும் சக்கரம் உருள்கிறது என்றால், நடுவில் எத்தனை பேர் அதற்கு எண்ணெய் போட்டுத் துடைத்திருக்கவேண்டும்!

ஜப்பானில் கோயில் கோபுரத்தையே காரின் முதுகில் ஏற்றியதுபோல் பிண ஊர்தி செய்தார்கள். தங்கப் பூச்சு, மரச் சிற்பம், வளைந்த கூரை. பார்த்தால் நம் ஊர்த் தேர் ஞாபகம் வரும். ஆடம்பரம் எதற்கு, பார்க்கவே மனசு கலங்குகிறது என்று பிற்பாடு அங்கே மவுசு குறைந்துவிட்டது. அதில் சில வண்டிகள் மங்கோலியாவுக்குப் போய், அங்கே பௌத்த மக்களுக்குக் கோயில் ரதமாக இரண்டாவது வாழ்க்கை வாழ்கின்றன.

சரி, ஊருக்குத் திரும்புவோம். நாம் ஏன் வைத்துக்கொள்வதில்லை?

வண்டிகளின் மேல் நமக்குப் பக்தி இல்லையா என்ன? ஆயுத பூஜைக்குச் சைக்கிளுக்குக்கூடப் பொட்டு வைக்கிற ஊர் இது. திருவாரூர் தேரைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றுகிறோம். ஆனால் மனிதனின் கடைசித் தேர் விஷயத்தில் நம் வழக்கமே வேறு. பச்சை மூங்கிலை வெட்டி, கீற்று முடைந்து, பூ சுற்றி, அரை நாளில் பாடை கட்டுவார்கள். ஒரே ஒரு பயணம். அதோடு அது முடிந்தது. இடுகாட்டிலேயே பிரித்துப் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்து குளித்துவிட வேண்டும். வைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே செய்யப்பட்ட வாகனம் அது.

திரும்பத் திரும்ப ஓடும் பிண ஊர்தி நம் வாழ்க்கைக்குள் வந்தது ரொம்பப் பிற்பாடு. ஊர் பெருத்து, சுடுகாடு தூரமாகி, நாலு பேர் தோள் கொடுத்து நடக்க முடியாத நிலைமை வந்தபோது. வண்டி வந்தது. பயம் மட்டும் பழையதே. ஷெட்டில் அதை நிறுத்த யாருக்கு மனசு வரும்? எதிரே வந்தால் செருப்பைக் கழற்றி ஒதுங்குகிறோம். ஆம்புலன்ஸுக்கும் பாதி அதே கதிதான். வாசலில் நின்றால் அக்கம்பக்கம் எல்லாம் எட்டிப் பார்த்து, 'யாருக்கு என்னாச்சு?' என்று பதறும்.

அப்படியானால் நாம் ஒன்றைக்கூடக் காப்பாற்றவில்லையா? காப்பாற்றியிருக்கிறோம்.

1948 ஜனவரி 31. டெல்லி பிர்லா ஹவுஸிலிருந்து ராஜ்காட் வரை காந்தியின் கடைசிப் பயணம். ராணுவத்தின் ஆயுத வண்டி ஒன்றை ராத்திரியோடு ராத்திரியாகப் பிரித்து, எல்லாரும் முகம் பார்க்கும்படி உயரமான மேடை அமைத்தார்கள். எஞ்சினைப் போடவில்லை. நான்கு வடங்கள், வடத்துக்கு ஐம்பது பேர். தேர் இழுப்பதுபோல இழுத்தார்கள். ஐந்து மைல் தூரத்துக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆனது. பிறகு பிப்ரவரி 12 அன்று அலகாபாத்தில் அஸ்தியைத் திரிவேணி சங்கமத்துக்கு ஏற்றிச்சென்றது 1947 மாடல் ஃபோர்டு வி-8 லாரி. அந்த லாரி இன்றும் அலகாபாத் மியூசியத்தில் இருக்கிறது. 'காந்தி ஸ்மிருதி வாகன்' என்று பெயர். போனால் பாருங்கள்.

ஆக, சாவு வண்டி என்பதால் நாம் ஒதுக்குவதில்லை. உள்ளே போனவர் யார் என்று பார்க்கிறோம். காந்தி ஏறிய லாரிக்கு மியூசியம். மகாராஜா ஏறிய ரோல்ஸ் ராய்ஸுக்கு ஊர்வலம். கோவையில் 2015-ல் திறந்த ஜி.டி. கார் மியூசியத்திலும், வடபழனியில் 2023-ல் திறந்த ஏ.வி.எம். மியூசியத்திலும் கண்ணைப் பறிக்கும் கார்களைப் பார்க்கலாம். நல்ல விஷயம்தான், குறை சொல்லவில்லை.

ஆனால் உங்கள் பாட்டி எந்த வண்டியில் போனார்?

பிரசவ வலியோடு அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன வண்டி எது? வாழ்நாளில் சொந்தக் கார் வாங்காதவர்களும் வாழ்க்கையில் ஒரு தடவையாவது நாலு சக்கரத்தில் படுத்துப் போனார்கள் என்றால், அது இந்த வண்டிகளில்தான். ஸ்டாண்டர்டு 20, அதன்பின் மெட்டடோர் வேன், 1984-ல் வந்த மாருதி வேன்... வரிசையாக வந்து, உழைத்து, காயலான் கடைக்குப் போய்விட்டன. 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் 108 வந்தது. ஆம்புலன்ஸ் என்றால் படுக்கை போட்ட வேன் என்ற நிலைமை மாறி, உள்ளேயே முதலுதவி செய்ய ஆள் வந்தார். அரசு ஆஸ்பத்திரியிலிருந்து உடலை இலவசமாக வீட்டுக்குக் கொண்டுவந்து விடும் அமரர் ஊர்தி சேவையும் வந்தது. கூலி பேசி அழுத காலம் போய், இந்த மாற்றம் எவ்வளவு பெரியது என்று நம் பேரப்பிள்ளைகளுக்கு எப்படிப் புரியவைப்பது? பழைய வேன் ஒன்றின் பின்கதவைத் திறந்து, அந்தத் தகரத் தரையைக் காட்டினால் ஒரு நிமிஷத்தில் புரிந்துவிடும். காட்ட வண்டி வேண்டுமே!

இனிமேலாவது ஒன்றை எடுத்துவைக்கலாம் என்று யாராவது கிளம்பினால், சட்டமும் கொஞ்சம் முறைக்கிறது. 2021-ல் மத்திய அரசு 'வின்டேஜ்' வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. ஐம்பது வயது ஆகியிருக்கவேண்டும், பெரிய மாற்றம் செய்திருக்கக்கூடாது. புதிதாகப் பதிய 20,000 ரூபாய். நம்பரில் 'வி.ஏ.' என்ற எழுத்து. வரவேற்கவேண்டிய விதி. ஆனால் அது மனதில் வைத்திருப்பது டூ வீலரையும் சொந்த உபயோகக் காரையும்தான். ஆம்புலன்ஸும் அமரர் ஊர்தியும் பிறந்த நாள் முதல் தொழில் வண்டிகள். அவற்றை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

அடுத்தது இன்னும் கறார். 15 வயதைத் தாண்டிய அரசு வண்டிகளுக்குப் பதிவைப் புதுப்பிக்கக் கூடாது, உடைத்துவிட வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. புகை, விபத்து, பராமரிப்புச் செலவு என்று பார்த்தால் நியாயமான விதி. ரோட்டில் ஓடவேண்டாம், சரி. ஆனால் அரசு ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸ் ஒன்று ஐம்பது வயதை எட்டி 'வின்டேஜ்' ஆவதற்கு இனி வழியே இல்லை. 15-லேயே கதை முடிந்துவிடும். மாவட்டத்துக்கு ஒன்று வேண்டாம், மாநிலத்துக்கு ஒன்றாவது எஞ்சினைக் கழற்றிவிட்டு ஒரு மருத்துவக் கல்லூரி வளாகத்தில் கூரை போட்டு நிறுத்தக்கூடாதா?

வைத்துக்கொள்ள ஆள் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் பெருங்களத்தூரிலேயே ஒரு சாட்சி இருக்கிறது.

1985-ல் ஸ்டாண்டர்டு கம்பெனி கடைசியாக ஒரு பெரிய காரை இறக்கியது. 'ஸ்டாண்டர்டு 2000'. இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1 காரின் உடம்பு, உள்ளே பழைய வேன்கார்டு காலத்து எஞ்சின்! மாப்பிள்ளை கோட்டு புதுசு, இதயம் தாத்தாவினுடையது. கார் எடுபடவில்லை. 1988-ல் உற்பத்தி நின்றது. வருஷக்கணக்கில் பூட்டிக் கிடந்த தொழிற்சாலையின் சாமான்கள், 2006 வாக்கில் கோர்ட் உத்தரவுப்படி ஏலத்துக்கு வந்தன. யார் எடுத்தது தெரியுமா? அந்த ரோவர் உதிரிபாகங்கள் மொத்தத்தையும் இங்கிலாந்தின் ரிம்மர் பிரதர்ஸ் என்ற கடை வாங்கிக்கொண்டு போனது. அங்கே பழைய ரோவர் எஸ்.டி.1 காரை வைத்திருப்பவர்கள், ஒரு கதவுக்கும் ஒரு விளக்குக்கும் ஏங்கிக் கிடந்தார்கள். வண்டலூர்ப் பக்கம் இருபது வருஷம் தூசி படிந்து கிடந்த தகரம், கப்பலேறிப் போய் அந்தக் கார்களுக்கு உயிர் கொடுத்தது.

அதே கேட்டிலிருந்து வெளியே போன வேனுக்கு அப்படி ஏங்க யாரும் இல்லை.

இனி யாருக்காவது ஒரு ஸ்டாண்டர்டு 20, ஏதாவது ஒரு லாரி பட்டறைக்குப் பின்னால் புல் மண்டிக் கிடப்பது கண்ணில் பட்டால், எடைக்குப் போவதற்குள் ஒரு போட்டோவாவது எடுத்துவிடுங்கள். நம்பர் பிளேட்டையும் சேர்த்து. உங்கள் ஊரில் அந்தக் காலத்து ஆம்புலன்ஸ் டிரைவர், அமரர் ஊர்தி டிரைவர் யாராவது இருந்தால், ஒரு டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்துப் பேசுங்கள். எத்தனை பிரசவம் வண்டிக்குள்ளேயே நடந்தது, எந்தப் பாலத்தில் வண்டி நின்றது, ராத்திரி மூன்று மணிக்குத் தனியாக ஒரு உடலோடு ஓட்டிக்கொண்டு போகும்போது என்ன நினைத்துக்கொள்வார்கள் என்று கேளுங்கள். அவர்கள் சொல்லத் தயாராகத்தான் இருக்கிறார்கள். நாம்தான் அந்த வண்டியைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம்.

அப்படியே வீட்டுப் பரணில் இருக்கும் பழைய ஆல்பத்தையும் ஒரு தடவை புரட்டுங்கள். தாத்தாவின் கடைசி நாள் படம் ஒன்று இருக்கும். மாலையும் கூட்டமுமாக இருக்கும் அந்தப் படத்தின் ஓரத்தில், பாதி மட்டும் தெரிகிற மாதிரி, ஒரு வேனின் மூக்கு இருக்கிறதா பாருங்கள். மொட்டை மூக்கு, வட்டமான இரண்டு விளக்கு.

இருந்தால், படத்தின் பின்பக்கம் எழுதிவையுங்கள்: 'ஸ்டாண்டர்டு 20. பெருங்களத்தூரில் செய்தது.'